முன் அனுபவம் இல்லையா? செய்து காட்டுங்கள்!



போன வருஷம், இரண்டாம் ஆண்டு முடியும் நேரம். பூன் லே பேருந்து முனையத்தில் 199க்குக் காத்துக்கிட்டே, போனில் ஒரு இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், படிப்பு, மதிப்பெண் எல்லாம் எழுதியாச்சு. "முன் அனுபவம்" என்ற கட்டம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. எழுத ஒன்றுமே இல்லை. காலியாகவே அனுப்பினேன். அப்படியே பதினோரு விண்ணப்பங்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

வேலை கிடைத்தால்தான் அனுபவம்; அனுபவம் இருந்தால்தான் வேலை. உங்களில் பலரும் இதில் மாட்டியிருப்பீங்க. இதிலிருந்து வெளியே வர எனக்கு வழி காட்டியவர் நமக்கெல்லாம் தெரிந்தவர்தான்: கணித மேதை ராமானுஜன்.

1910இல் அவர் நிலைமை என்ன தெரியுமா? எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, கல்யாணம் மட்டும் ஆகியிருந்தது. திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரைப் பார்த்து, குமாஸ்தா வேலை கேட்கப் போனார். கையில் சான்றிதழ் இல்லை. கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம் இருந்தது. ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டியவர், இப்படிப்பட்டவரைக் குமாஸ்தா வேலையில் முடக்க மனம் வராமல், சென்னையில் இருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1911இல் அந்தச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியது பலன் தரவில்லை. ஹார்டி மட்டும் உட்கார்ந்து படித்தார்.

"அவர் மேதைப்பா, நாம அப்படியா?" என்று கேட்பீங்க. நானும் கேட்டேன். ஆனால் பாடம் மேதைமையில் இல்லை. பார்ப்பவர் தானே எடைபோட்டுப் பார்க்கும்படி, செய்த வேலையையே அவர் முன்னால் வைத்தார். அதை நாமும் செய்யலாம். இன்னொன்று: பதில் எழுதிய ஹார்டி முதலில் கேட்டது நிரூபணங்களைத்தான். விடை மட்டும் போதாது, வந்த வழியும் வேணும். போர்ட்ஃபோலியோ என்பது இவ்வளவுதான்: செய்த வேலையும், அதைச் செய்த வழியும்.

சரி, நான் என்ன செய்தேன்?

எங்க அம்மா தீபாவளிக்கு முறுக்கு சுட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பாங்க. அச்சை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வலி. நான் படிப்பது இயந்திரப் பொறியியல். ஒரு மரச் சட்டத்தில் அச்சைப் பொருத்தி, மேலே நெம்புகோல் வைத்தேன். அச்சு இருக்கும் இடம் திருகுமுனையிலிருந்து 8 செ.மீ., கைப்பிடி 40 செ.மீ. கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு விசை போதும். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். உராய்வினால் அந்த அளவுக்குக் குறையவில்லை, நான்கில் ஒரு பங்குதான் வந்தது.

முப்பரிமாண அச்சில் செய்த பிளாஸ்டிக் தாங்கி இரண்டாம் நாளே பிளந்தது. அடுக்கடுக்காக உருவாகும் பொருள், அடுக்குகளுக்கு நடுவில்தான் பலவீனமாக இருக்கும். நான் சரியாக அந்தத் திசையில் சுமையைக் கொடுத்திருந்தேன். திருப்பி வைத்து மறுபடி அச்சடித்தேன். மாவு படும் இடத்தில் பிளாஸ்டிக் வேண்டாம் என்று பழைய பித்தளை அச்சையே வைத்துக்கொண்டேன்.

அம்மா பயன்படுத்திப் பார்த்துட்டு, "கை வலி இல்லடா. ஆனா வட்டமா சுத்த முடியலையே!" என்றாங்க. உண்மைதான். அச்சு ஒரே இடத்தில் நிற்கிறது, கை எப்படிச் சுற்றும்? கீழே சுழலும் தட்டு ஒன்றை வைத்தேன். முறுக்கு வட்டமாக வந்தது.

இதை இரண்டு பக்கத்தில் எழுதினேன். நீங்களும் இந்த நான்கையும் எழுதுங்க:

1. யாருக்கு, என்ன பிரச்சினை?
2. நான் என்ன செய்தேன்? ஏன் அப்படி? (படம், கணக்கு, அளவு)
3. எது தவறிப்போனது? எப்படித் திருத்தினேன்?
4. பயன்படுத்தியவர் என்ன சொன்னார்?

மூன்றாவதை மறைக்காதீங்க. உடைந்த தாங்கியின் படத்தையும் போட்டேன். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்க. அடுத்தவர் உழைப்பை நம் பெயரில் எழுதுவது பொய். பத்து வேலைகளைக் குவிக்க வேண்டாம், நன்றாக விளக்கக்கூடிய இரண்டு மூன்று போதும். முடித்த பிறகு எழுதலாம் என்று விடாமல், செய்யும்போதே படம் எடுத்து, தேதி போட்டுக் குறித்து வையுங்க. எனக்கு முதல் மாதிரியின் படம் இல்லாமல் போனது இப்படித்தான்.

பன்னிரண்டாவது விண்ணப்பத்தோடு அந்த இரண்டு பக்கத்தையும் இணைத்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க, ஆனால் இடம் கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் பாதி நேரம் அந்தப் பிளந்த தாங்கியைப் பற்றித்தான் கேட்டாங்க. "மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அங்கே மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் யார் எதற்குச் சிரமப்படுகிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்க. பாட்டியின் மருந்து நேரமோ, அப்பாவின் இரவு ஷிஃப்ட் அட்டவணையோ, தங்கையின் படிப்பு மேசையோ, எதுவாகவும் இருக்கலாம். ஒரு நோட்டில் முதல் பக்கத்தில் தேதி போட்டு அந்தச் சிரமத்தை ஒரு வரியில் எழுதுங்க. உங்கள் போர்ட்ஃபோலியோ அன்றைக்கே தொடங்கியாச்சு.