புயலுக்கு முன்னே ஓர் ஆயத்தம்

வேதபாடம்
வாசிக்க: அப்போஸ்தலர் 27-ம் அதிகாரம், அப்போஸ்தலர் 11:27-30, மத்தேயு 4:5-7, நீதிமொழிகள் 22:3

இந்தப் பாடத்தை ஒரு சாட்சியோடு ஆரம்பிக்க ஆசைதான். ஆனால் என்னிடம் இருப்பது சாட்சி அல்ல, ஒரு குற்ற அறிக்கை. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. தென் மாவட்டங்களுக்கு எச்சரிக்கை என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பெரிசா எடுத்துக்கலை. தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்று பழகிய ஊர் நம்ம சங்கரன்கோவில். இங்கே என்ன வெள்ளம் வரப்போகுது என்ற எண்ணம்தான்.

என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, ஓடைக்கரை ஓரமாய், நம் சபையின் ஒரு விதவைத் தாயார் இருக்கிறார்கள். மண் சுவர், ஓட்டு வீடு. சாயங்காலம் வாசலில் நின்று, "தம்பி, இந்தச் சுவரு நிக்குமா?" என்று கேட்டார்கள். நான் நிதானமாய்ச் சொன்ன பதில்: "91-ம் சங்கீதத்தை வாசிச்சிட்டுப் படுங்கம்மா. கர்த்தர் பார்த்துக்குவார்." வீட்டுக்குப் போய் அவர்களுக்காக ஜெபமும் பண்ணினேன். பிறகு தூங்கிவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு அடுத்த தெருப் பையன் ஒருவன், தறி ஓட்டுகிறவன், அவர்கள் கதவைத் தட்டியிருக்கிறான். "ஆச்சி, சுவரு ஊறிப்போச்சு, எந்திரிங்க" என்று சொல்லிக் கைத்தாங்கலாய்த் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறான். நடு இரவுக்குமேல் பின்சுவர் கட்டிலின் மேலேயே விழுந்தது. அந்தப் பையன் நம் சபை வாசலை மிதித்தவன் அல்ல.

விடிந்ததும் வேதாகமத்தோடு ஓடினேன். தாயார் அவன் வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் திட்டவில்லை. "நீங்க ஜெபிச்சிருப்பீங்கன்னு தெரியும் தம்பி. ஆனா வந்தது அவன்தான்" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து இந்தப் பாடம் எனக்குள் பாரமாய் இருக்கிறது.

1. ஆயத்தம் அவிசுவாசமா?

"விசுவாசம் இருந்தா எதுக்கு டார்ச்சும் கயிறும்?" என்று நம்மில் சிலர் கேட்கிறோம். நானும் கேட்டவன்தான். ஆனால் மத்தேயு 4-ஐத் திறந்து பாருங்கள். நான் அந்தத் தாயாருக்குச் சொன்ன அதே 91-ம் சங்கீதத்தைச் சாத்தானும் எடுக்கிறான். தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதி என்கிறான். ஆண்டவர் குதித்தாரா? தேவனைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். வாக்குத்தத்தம் மெய்தான், அதைக் காட்டிச் சும்மா இருப்பதோ ஆபத்தில் குதிப்பதோ விசுவாசம் ஆகாது.

இன்னும் தெளிவாக அப்போஸ்தலர் 27-ம் அதிகாரம். பயணத்துக்குக் காலம் தப்பிவிட்டது என்று பவுல் முன்னமே எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதி கேட்கவில்லை. தென்றல் மெதுவாய் வீசியதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று பாயை விரித்தார்கள். பின்னாலேயே யூரோக்கிலிதோன் என்கிற கடுங்காற்று வந்து மோதியது. பல நாள் அலைக்கழிந்தபின் ஓர் இரவில் தூதன் தோன்றி, கப்பலில் இருக்கிற ஒருவரும் சாகமாட்டார்கள் என்று பவுலுக்கு உறுதி சொன்னான்.

இப்போது கவனியுங்கள். அந்த உறுதி கிடைத்த பவுல் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவில்லை. கப்பலாட்கள் படகில் ஏறி நழுவப் பார்த்தபோது, இவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று காவலரை உஷார்படுத்தினார். பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிட வைத்தார். 276 பேர். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள். மற்றவர்கள் பலகையைப் பிடித்துக் கரையேறினார்கள். தேவன் கொடுத்த வாக்கு பலகையின் மூலமாய் நிறைவேறிற்று! நோவாவும் அப்படியே. மழை வரும் என்று நம்பினதினால்தான் மரம் வெட்டினான், உள்ளும் புறமும் கீல் பூசினான், தீனி சேர்த்து வைத்தான். நம்பாதவர்கள்தான் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள்.

2. அகபு சொன்னபோது சபை என்ன செய்தது?

பஞ்சம் வரப்போகிறது என்று அகபு ஆவியினால் அறிவித்தான் (அப். 11:28). அந்தியோகியா சபை, "தீர்க்கதரிசனம் நல்லா இருந்தது" என்று சொல்லிக் கலைந்து போகவில்லை. அவனவன் தன் வசதிக்கேற்பப் பணம் எடுத்து, பர்னபா சவுல் கையில் கொடுத்து, யூதேயாவின் சகோதரருக்கு அனுப்பினார்கள். முன்னறிவிப்பு வந்ததே முன்கூட்டிச் செய்வதற்காகத்தான்.

இன்று நமக்கு வானிலை அறிவிப்பு வருகிறது. அதன் நிறங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தப்படு. சிவப்பு என்றால் செயல்படு. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதற்கு அதிகனமழை என்று பெயர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தமிழ்நாட்டின் ஒரு வருஷத்துச் சராசரி மழையே ஏறக்குறைய அவ்வளவுதான்! தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்கு முதல் சோறு கொடுத்தார்கள்.

"2020-ல புரெவி வருது வருதுன்னாங்க, வழியிலேயே வலுவிழந்து போச்சே" என்று சிலர் சொல்வீர்கள். ஆம், அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் பத்து முறை வராவிட்டாலும் பதினோராம் முறை வரலாம். காவற்காரன் எக்காளம் ஊதாமல் விட்ட பழியைப் பற்றி எசேக்கியேல் 33-ல் படித்திருக்கிறோமே.

3. முதலில் வந்து சேருவது யார்?

அரசாங்கத்தின் மீட்புப் படை வரும். ஆனால் பாலம் உடைந்து, ரோடு முறிந்து, போன் செத்துப் போன அந்த முதல் மணி நேரங்களில் வந்து சேருவது அடுத்த வீட்டுக்காரன்தான். இதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தை அடித்த புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். அதன்பின் செம்பிறைச் சங்கமும் அரசும் கிராமம் கிராமமாய்த் தொண்டர் குழுக்களை உண்டாக்கினார்கள். இன்று 76,000-க்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பாதிப்பேர் பெண்கள். புயல் நெருங்க நெருங்க ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுவார்கள். கையில் ஒலிபெருக்கியோடு வீடு வீடாய்ப் போய், முதியோரைத் தோளில் தூக்கிப் புகலிடம் சேர்ப்பார்கள். 2020-ல் ஆம்பன் புயல் வந்தபோது அங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னதாகவே இடம் மாற்றப்பட்டார்கள். லட்சக்கணக்கில் மாண்ட தேசத்தில் அந்தமுறை இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

நம் தேசத்திலும் 2016-ல் 'ஆப்த மித்ரா' என்கிற திட்டம் ஆரம்பமானது. ஆபத்திலே நண்பன் என்று அர்த்தம். முதலில் 30 மாவட்டங்களில் 6,000 பேர். பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று விரிவாக்கினார்கள். சாதாரண ஜனங்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி: முதலுதவி, கயிறு கட்டுதல், வெள்ளத்தில் மீட்டல். 2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் சொந்தப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றினார். நல்ல சமாரியன் உவமையை இதைவிட எப்படிப் பிரசங்கிப்பது?

4. நாம் செய்ய வேண்டியது

அந்தத் தாயாரின் வார்த்தைக்குப் பிறகு எங்கள் தெரு ஜெபக்குழுவில் வாலிபரும் சகோதரிகளுமாய்ப் பத்துப் பேர் சேர்ந்தோம். ஐப்பசி மழைக்கு முன்னே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். மண் சுவர் வீடு எது, படுக்கையில் இருப்பவர் யார், கர்ப்பிணி யார், ஓடை ஓரத்தில் யார் என்று எழுதினோம். எந்த வீட்டை யார் போய்த் தட்டுவது என்று பெயருக்கு நேரே பெயர். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், போய் நின்றால்தான் எழுந்து வருவார்கள் என்று அறிந்துகொண்டோம்.

நீங்களும் உங்கள் தெருவில் இப்படிச் செய்யுங்கள். ஆலயச் சாவி இரவிலும் கிடைக்கிற இடத்தில் இருக்கட்டும். டார்ச், கயிறு, முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர், அரிசி பருப்பு இவை ஓரிடத்தில் இருக்கட்டும். 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070 என்று எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் ஏறுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அறுந்த கம்பியை நெருங்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவே இருந்தாலும் ஆளை வாரிவிடும். பயிற்சியில்லாத வாலிபர் வீரம் காட்ட வேண்டாம். புயலின் நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். வெள்ளம் வடிந்தபின் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஒன்று மிக முக்கியம். எந்த ஜாதி, எந்த மதம், எந்த சபை என்று கேட்டுவிட்டுக் கை நீட்டாதீர்கள். நோட்டீஸ் கொடுக்கிற நேரமும் அதுவல்ல. எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது சபையார் வீடுகள் அல்ல, ஓடைக்கரை வீடுகள். அந்தத் தறிக்காரப் பையனும் இன்று எங்கள் பத்துப் பேரோடு பதினோராவது ஆள். நாங்கள் கூப்பிட்டதும், "அண்ணாச்சி, இதுக்குப் போய் கேட்கணுமா?" என்றான்.

பிரியமானவர்களே, எழுப்புதலுக்காக உபவாசிக்கிறோம், விழித்திருந்து ஜெபிக்கிறோம். நெகேமியாவின் ஜனங்கள் ஜெபமும் பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. நாம்தான் பாதியைப் படித்துவிட்டு மூடிவிட்டோம்.

ஜெபம்: ஆண்டவரே, ஜெபித்துவிட்டுத் தூங்கிப்போன என்னை மன்னியும். இனி மழை பெய்கிற இரவில் என் முழங்காலோடு என் கால்களும் உமக்குச் சொந்தமாயிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:
1. உங்கள் வீட்டிலிருந்து நாலு வீட்டுக்குள் தனியாய் இருப்பவர் யார்? அவர் போன் நம்பர் உங்களிடம் உண்டா?
2. பவுலுக்கு வாக்குத்தத்தம் கிடைத்த பிறகும் அவர் செய்த காரியங்கள் எவை? (அப். 27:30-36)
3. யாக்கோபு 2:15, 16-ஐ வாசித்து, நாம் வாயினால் மட்டும் அனுப்பிவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள்.