சாக்கர் டீமுக்கு மேனேஜர் ஆகிவிட்டீர்களா?

அமெரிக்காவில் சீசன் தொடங்கும்போது பெற்றோரைக் கூட்டி, "டீம் மேனேஜராக யார் வருகிறீர்கள்?" என்று கோச் கேட்பார். உடனே எல்லோருக்கும் போனில் அவசர வேலை வந்துவிடும். தப்பித் தவறிக் கை தூக்கியவர்களுக்காக இந்தக் குறிப்புகள். பந்து உதைக்கத் தெரிய வேண்டியதில்லை. சம்பளமும் கிடையாது.

1. கோச்சுடன் முதலிலேயே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். யார் எங்கே ஆடுவது, யாரை எவ்வளவு நேரம் இறக்குவது என்பதெல்லாம் அவர் பாடு. காகிதம், பணம், தகவல் ஆகியவை உங்கள் பாடு. "என் பையனை ஏன் உட்கார வைத்தார்?" என்று யாராவது உங்களிடம் வந்தால், "அவரிடமே கேளுங்கள், ஆனால் நாளைக்கு" என்று சொல்லிவிடுங்கள். ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் கோச்சிடம் குறை பேசலாம் என்று பல கிளப்புகளில் விதியே உண்டு. அருமையான விதி. கல்யாண வீடுகளிலும் கொண்டுவரலாம்.

2. உங்களைப் பற்றிய பின்னணிச் சோதனை, பிள்ளைகளின் பாதுகாப்புக்கான சேஃப்ஸ்போர்ட் ஆன்லைன் பயிற்சி இரண்டையும் சீசனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள்; பெற்றோரையும் சேர்த்தே அனுப்புங்கள்.

3. பிளேயர் கார்டுகள், மருத்துவ ஒப்புதல் படிவங்கள், ஆட்டக்காரர் பட்டியல் மூன்றும் ஒரே ஃபைலில், பிளாஸ்டிக் உறைக்குள், எப்போதும் காரில் இருக்கட்டும். எல்லாம் போனில் இருக்கிறது என்று நம்பிப் போனால், அன்று பார்த்து மைதானத்தில் சிக்னல் இருக்காது.

4. வாரம் ஒரே மெசேஜ், அதுவும் வியாழன் மாலைக்குள். வந்து சேர வேண்டிய நேரம், ஜெர்சி நிறம், மைதான எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பெரிய வளாகங்களில் பத்துப் பதினைந்து மைதானங்கள் இருக்கும். முகவரி மட்டும் கொடுத்தால் பாதிப் பேர் வேறு யாருடைய ஆட்டத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

5. கம்மல், மூக்குத்தி, வளையல் எதற்கும் ரெஃபரி அனுமதி தரமாட்டார். மேலே டேப் ஒட்டி மறைப்பதும் விதிப்படி செல்லாது. புதிதாகக் குத்திய காதில் கம்மலைச் சில வாரங்களுக்குக் கழற்ற முடியாது. எனவே நம் வீடுகளில் காதுகுத்து வைத்திருந்தால், சீசன் முடிந்ததும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. உங்கள் பையில் கூடுதலாக ஒரு ஜோடி ஷின் கார்டு (கீழ்க்கால் கவசம்), ஒரு ஜெர்சி, தலைமுடி ரப்பர் பேண்ட், காற்றடிக்கும் பம்ப், ஐஸ் பேக். ஷின் கார்டு இல்லாத பிள்ளையை ஆடவிடமாட்டார்கள். வாராவாரம் யாராவது ஒருவர் மறந்துவிட்டு வருவார்.

7. பந்து வாங்கும் முன் வயதைப் பாருங்கள். 8 வயதுக்குட்பட்டோருக்கு 3-ஆம் அளவு. 9 முதல் 12 வரை 4. அதற்கு மேல் 5. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது. ஓரத்தில் நின்று "தலையால் அடி!" என்று கத்தும் அப்பாக்களுக்கு இதை முதல் நாளே சொல்லுங்கள். யாருக்காவது தலையில் பலமாக இடித்தால், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அன்று மறுபடி இறங்கக் கூடாது.

8. இடி கேட்டால் எல்லோரும் காருக்குள். மரத்தடியும் கூடாரமும் உதவாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் திரும்ப வேண்டும். நடுவில் ஒன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

9. ஸ்நாக்ஸ் முறை போடும் முன் யாருக்கு என்ன அலர்ஜி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை டீமில் இருந்தால் கடலை மிட்டாய் வீட்டோடு நிற்கட்டும். இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளையும் தண்ணீரும் போதும்.

10. போட்டிக் கட்டணம், ரெஃபரி கூலி, கோச்சுக்குப் பரிசு என்று பணம் வந்து போய்க்கொண்டே இருக்கும். சொந்தக் கணக்கில் கலக்காதீர்கள். ரசீதுகளோடு ஒரு எக்ஸல் தாளில் எழுதி, கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஸ்நாக்ஸ் பட்டியலையும் போட்டோ எடுப்பதையும் மட்டும் வேறு இருவர் தலையில் கட்டுங்கள். அடுத்த சீசனுக்கு மேனேஜர் தேடும்போது அவர்களில் ஒருவர் அகப்படுவார்.