பாதரசமும் நம் மீன்கறியும்



பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா வறை கொடுப்பது நம் யாழ்ப்பாணத்து வழமை. பால் சுரக்கும் என்று ஆச்சிமார் சொல்லிவைத்தது. அதைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் சுறாவைப் பற்றித் தாய்மார் அறியவேண்டிய ஒன்று உண்டு.

யப்பானில் மினமாட்டா என்பது நம் குருநகர், பாஷையூர் போன்ற கடற்றொழில் ஊர். 1950களில் அங்கே பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956 மே 1ஆம் திகதி, சிசோ என்ற இரசாயனக் கம்பனியின் ஆசுபத்திரியிலிருந்து, பெயர் தெரியாத நோயொன்று பிள்ளைகளைத் தாக்குவதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆசுபத்திரியின் தலைமை வைத்தியர் ஹொசொகாவா 1959இல் தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். பூனைக்கு அதே நோய். கம்பனி அதை வெளிவிடவில்லை. அரசாங்கம் உண்மையை ஒப்புக்கொண்டது 1968இல்! அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் சனங்கள் மீன் உண்டபடியே இருந்தார்கள்.

கழிவில் இருந்தது பாதரசம். அது கடலில் நுண்ணுயிர்களில் சேர்ந்து, அவற்றை உண்ணும் சிறு மீனுக்கும், அதை விழுங்கும் பெருமீனுக்கும் போய்ப் படிப்படியாகப் பெருகுகிறது. கழுவினாலும் அவித்தாலும் போகாது. நோயின் குறி அதிகம் காணாத தாய்மாருக்கும் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தன. நச்சுப்பொருள் கருப்பையிலுள்ள சிசுவை அணுகாது என்று அதுவரை வைத்தியர் பலர் நம்பியிருந்தனர்.

‘யப்பானில் நடந்தது நமக்கேன்?’ என்பீர்கள். நிலக்கரி எரிக்கும்போதும், சிறு சுரங்கங்களில் பொன் பிரிக்கும்போதும் எழும் பாதரச ஆவி காற்றோடு கடல் கடந்து போகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் விடுத்த சுற்றுமடலிலும் பொன் சுரங்கப் பாதரசம் குறிப்பிடப்படுகிறது. அயலில் கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 தொன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

ஆகவே ஒரு நாடு தனித்துத் தடுக்க முடியாது. 2013 ஒக்டோபரில் யப்பானின் குமமோட்டோவில் மினமாட்டா சமவாயம் நிறைவேறியது. 2017 ஆகஸ்ட் 16இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. பாதரச வெப்பமானி, இரத்த அழுத்தமானி, சருமத்தை வெளுப்பாக்கும் பாதரசக் களிம்பு ஆகியவற்றை ஒழிப்பது அதன் ஒரு பகுதி. காற்று, மீன், மனிதரின் தலைமயிர் ஆகியவற்றில் பாதரசத்தை அளப்பது இன்னொரு பகுதி. எல்லா நாடுகளும் ஒரே முறையில் அளந்தாலன்றி ஒப்பிட வழியில்லை. சலிப்பான வேலைதான், மினமாட்டாவில் இல்லாது போனது அதுவே.

ஐரோப்பாவில் விற்கும் சுறாவில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கலாகாது. நம் சந்தையில் கூறுபோட்டு விற்கும் மீனுக்கும் அதே கண்டிப்பு வேண்டுமென்று கேட்பது பேராசையா?

மீனை விட்டுவிடாதீர்கள், பிள்ளையின் மூளைக்கு அது நல்லுணவு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பெருஞ்சுறாவையும், வாள்போல் மூக்கு நீண்ட பெருமீன்களையும் தவிர்த்து, சூடை, நெத்தலி, கீரி ஆகியவற்றை உண்ணட்டும். விலையும் மலிவு. சுறா வேண்டுமென்று ஆச்சி பிடிவாதம் பிடித்தால், சிறு குட்டியாகப் பார்த்து, எப்போதாவது ஒருநாள் வாங்குங்கள்.

பழைய வெப்பமானி உடைந்தால் தும்புத்தடியால் கூட்டவேண்டாம், துளிகள் சிதறும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, யன்னல்களைத் திறந்து, தடித்த காகிதத்தால் அள்ளிப் போத்தலில் இட்டு இறுக மூடுங்கள். கிணற்றடியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.