காத்தைப் பாத்துட்டுக் கிளம்பு!

பெட்ரோல் போட்டாச்சு, மிச்சம் வாங்கியாச்சு, உடனே பறக்கணுமா? அதே பங்க்ல காத்து இருக்கு, அதுக்குக் காசும் கிடையாது. வண்டி ஆட்டம் காட்டுற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறீங்க. ஒரகடம், மறைமலைநகர்னு ஷிஃப்டுக்கு ஓடுறவங்க, ஞாயித்துக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் கிளம்புறவங்க, எல்லாரும் கேளுங்க.

1. கட்டை விரலால டயரை அமுக்கிப் பாக்குறதை முதல்ல நிறுத்து. பாதி காத்து போன டயரும் விரலுக்குக் கெட்டியாத்தான் தெரியும். கேஜ் வச்சுப் பாரு.

2. "எவ்வளவு வைக்கட்டும்?"னு காத்து அடிக்கிற தம்பி கேட்டா முழிக்காதே. நீ சொல்லலைன்னா எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர்தான். செயின் கவர்லயோ பின்பக்கமோ ஸ்டிக்கர் இருக்கும். கிழிஞ்சிருந்தா வண்டியோட கொடுத்த புத்தகத்துல இருக்கும். போன்ல படம் எடுத்து வச்சுக்கோ. 100 சிசி பைக்குக்கு பொதுவா முன்னாடி 25, பின்னாடி தனியாப் போனா 28. பின்னாடி ஆள் உக்காந்தா 40 வரைக்கும் போகும். இந்த மூணாவது நம்பரைத்தான் யாரும் கண்டுக்கிறதில்ல. வாரமெல்லாம் தனியா ஓட்டின அதே காத்தோட, வீட்டுக்காரியையும் பையையும் ஏத்திக்கிட்டு ஈசிஆர்ல போறது தப்பு. மீன் பெட்டி கட்டுற அண்ணன்மாருக்கும் இதே கணக்குதான். நாலு பேர் ஏறுற குடும்பத்துக்கு அந்த ஸ்டிக்கர்ல வரியே கிடையாது, தேடாதீங்க.

3. காலையில வண்டி எடுத்ததும், வீட்டுப் பக்கத்து பங்க்லயே பாரு. வெயில்ல ஓட்டி வந்த டயர் சூடேறி ரெண்டு மூணு பாயிண்ட் கூடுதலாக் காட்டும். "ஜாஸ்தியா இருக்கே"னு அப்போ இறக்கி விட்டா, ஆறினதும் குறைஞ்சு நிக்கும்.

4. காத்து கம்மியா இருந்தா மைலேஜ் குறையும், அது சின்ன நஷ்டம். டயரோட பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், பள்ளத்துல விழுந்தா ரிம் நெளியும். ட்யூப் டயரா இருந்தா வால்வ் நேரா நிக்குதான்னு பாரு. சாய்ஞ்சிருந்தா டயர் ரிம் மேல நழுவியிருக்கு. வால்வ் பிய்யுறதுக்குள்ள பஞ்சர் கடைக்குத் தள்ளிட்டுப் போ. அதுக்காக ஜாஸ்தி அடிச்சுடாதே. நடுப்பகுதி மட்டும் தேஞ்சுபோகும், மழை ரோட்டுல பிரேக் போட்டா வழுக்கும்.

5. வால்வ் மூடி எங்கே? கடலோரத்துல உப்புக் காத்தும் மணலும் உள்ளே போனா பின் கெட்டுப்போகும். காத்து அடிச்சதும் வால்வ் வாயில எச்சில் தொட்டு வை. குமிழி வந்தா கசியுது. மூடி விலை ஒரு டீக்காசு கூட வராது.

6. நைட்ரஜன் போடணுமான்னு கேக்குறீங்க. நாம மூச்சு விடுற காத்துல நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். கிடைச்சாப் போடு, இல்லேன்னா சாதாக் காத்தே போதும்.

7. ட்யூப்லெஸ்ல ஆணி ஏறினா ரோட்டோரமா நின்னு பிடுங்காதே. ஆணி இருக்கிற வரைக்கும் காத்து மெல்லத்தான் இறங்கும், கடை வரைக்கும் மெதுவா ஓட்டிடலாம்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் ஸ்டாண்டுல வண்டியைப் போட்டுட்டு வாரக்கணக்குல ஊருக்குப் போறவங்க, வந்ததும் நேரா ஜிஎஸ்டி ரோட்டுல ஏறாதீங்க. நிக்கிற வண்டியிலும் காத்து இறங்கும். மத்தவங்க பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை பாத்தாப் போதும். கால் பம்பு ஒண்ணு வீட்டுல இருந்தா நல்லது. பக்கத்து வீட்டுல கேட்டாக் கொடு, ஆனா சாயங்காலமே திருப்பி வாங்கிடு.