ஒரு சீசன் ஸ்கோரை நம்பலாமா?

போன வருஷ ரிட்டர்னை மட்டும் பார்த்து ஃபண்ட் எடுக்கறீங்களா? அமெரிக்காவின் என்பிஏ டிராஃப்ட்டைக் கொஞ்சம் பாருங்க. கல்லூரி கூடைப்பந்து வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும் நிகழ்ச்சி அது.

ஒரு கல்லூரி சீசனில் 30, 35 மேட்ச்தான். அதில் த்ரீ பாயின்ட் நல்லா விழுந்தா, அது திறமையா, நல்ல நேரமான்னு சொல்றது கஷ்டம். அதனால ஃப்ரீ த்ரோவையும் பார்ப்பாங்க. தடுக்க ஆள் இல்லை. தூரம் கல்லூரியிலும் என்பிஏவிலும் அதே 15 அடி. அங்கே தெரிவது கைப்பழக்கம்.

ஆன்தனி பென்னட்: ஒரே கல்லூரி சீசன். த்ரீ பாயின்ட் 37%, ஃப்ரீ த்ரோ 70%. 2013-ல் முதல் ஆளாக எடுத்தாங்க. என்பிஏவில் த்ரீ பாயின்ட் சுமார் 26%தான்.

ஸ்டீஃபன் கர்ரி: மூணு சீசன். மூணிலும் ஃப்ரீ த்ரோ 85%க்கு மேல். 2009-ல் ஏழாவதாகத்தான் எடுத்தாங்க. மீதி உங்களுக்கே தெரியும்.

ஃப்ரீ த்ரோ மட்டுமே ஜாதகம் சொல்லிடாது. ஆனா அதிர்ஷ்டத்தைக் கழிச்சுப் பார்க்க உதவும்.

ஃபண்டுக்கும் அதேதான். ஒரு வருஷ ரிட்டர்னை ஓரமா வைங்க. அஞ்சு வருஷ ரோலிங் ரிட்டர்ன், சந்தை விழுந்தப்போ எவ்வளவு விழுந்தது, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ: இந்த மூணையும் பார்த்துட்டு எஸ்ஐபி போடுங்க.