ஆடவர் பாடகர் குழு: அன்றும் இன்றும்



கோவில் பாடகர் குழு என்றதும் ஆண்களும் பெண்களும் சேர்ந்து நிற்பதே இப்போது நம் கண்முன் வரும். நம் பாட்டன்மார் காலத்தில் அப்படியல்ல. லத்தீன் பாடற்பூசையில் குழுவாய்ப் பாடுவது ஆடவருக்கும் சிறுவருக்குமே உரியதென்பது திருச்சபையின் சட்டம். அது ஏன் வந்தது, எப்படி மாறியது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

பாப்பரசர் 10-ம் பத்திநாதர், அர்ச். செசிலியம்மாள் திருநாளாகிய 1903 நவம்பர் 22-ல் தேவ சங்கீதத்தைப் பற்றி ஒரு கட்டளை விடுத்தார். நாடகமேடைப் பாட்டின் சாயல் கோவிலுக்குள் புகுந்திருந்ததை விலக்குவது அவர் நோக்கம். பாடகர் செய்வது மெய்யான வழிபாட்டுப் பணி. ஆகவே பெண்களுக்கு அதில் இடமில்லை. உச்சக்குரல் தேவையானால் சிறுவரைச் சேர்க்கலாம் என்றார். பக்தியும் நன்னடத்தையும் உள்ளவர்களையே சேர்க்க வேண்டும். ஜனங்களின் பார்வையில் மிகுதியாய்ப் படுவார்களானால் தட்டிக்குப் பின்னால் மறைவாய் நிற்க வேண்டும் என்றும் விதித்தார். குரலுக்குத்தான் இடம், ஆளின் பெருமைக்கு இடமில்லை!

1955-ல் 12-ம் பத்திநாதர் சட்டத்தைச் சற்றுத் தளர்த்தினார். போதிய சிறுவர் கிடையாத இடங்களில், பீடப் பகுதிக்கு வெளியே, ஆண்களை விட்டுத் தனித்து நின்று பெண்களும் பாடலாம் என்றார். 1963-ல் 2-ம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. 1967 மார்ச் 5-ல் வெளியான போதனை, ஆடவரும் சிறுவரும், ஆண்களும் பெண்களும், தேவையானால் பெண்கள் மட்டுமேகூட, குழுவாய்ப் பாடலாம் என்றது. முழுப் பாட்டையும் குழுவே எடுத்துக்கொண்டு ஜனங்களை ஊமையாக்கி வைப்பது தகாது என்றும் சொல்லிற்று.

எல்லாரும் வாய் திறப்பது நம் சீமைக்குப் புதிதல்ல. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலிலும் தங்கிப் பணிசெய்தவர். கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று ஜனங்களைக் கூட்டி, தாம் முதலில் தமிழில் செபத்தைச் சொல்ல, ஆண், பெண், பிள்ளைகள் யாவரும் உரத்த குரலில் திருப்பிச் சொல்லச் செய்தார். படித்த பிள்ளைகள் வீட்டில் தாய் தகப்பனுக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை மூன்று.

1. பாடுவது வேடிக்கையல்ல, வழிபாட்டுப் பணி. சட்டம் மாறினும் இது மாறவில்லை.

2. குழு ஜனங்களுக்குத் துணை. ஜனங்களுக்குப் பதில் அல்ல.

3. ஆடவர் மட்டும் பாடிய காலம் போயிற்று; ஆடவர் பாடவேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.

தகப்பன்மாரே, வாலிபரே! பாட்டு எழும்போது தூணில் சாய்ந்து மௌனமாய் நிற்கலாமா? ஆண்களின் தாழ்ந்த குரல் சேராத பாட்டு அஸ்திவாரமில்லாத சுவர் போன்றது. தகப்பன் வாய் மூடி நின்றால் மகனும் மூடிக்கொள்வான். வரும் ஞாயிறு பூசையில் பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளைக்குக் கேட்கும்படியாவது பாடுங்கள்.