கோப்பையில் பழம் உண்டா?

பழத் தேநீர் என்ற பெயரில் நகரத்துக் கடைகளில் வண்ணப் பெட்டிகளாய் அடுக்கியிருக்கும் சரக்கைப் பற்றி ஜனங்களிடையே வேரூன்றியுள்ள முதல் நம்பிக்கை, பெட்டியின்மேல் ஸ்ட்ராபெரி சாறு சொட்டச் சித்திரிக்கப்பட்டிருப்பதால் உள்ளேயும் அதுவே நிறைந்திருக்கும் என்பதாகும். ஐயமுள்ளவர்கள் ஒரு பையைக் கத்தரித்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கலாம். நான் அவ்விதம் பார்த்தபோது, விரல் பட்டால் நொறுங்கும் கருஞ்சிவப்புத் துண்டுகளே பெரும்பங்காக இருந்தன; அவற்றினூடே பழுப்பேறிய ஆப்பிள் துணுக்குகளும் காட்டு ரோஜாக் கனியின் தோலும் தென்பட்டன; ஸ்ட்ராபெரி என்று சொல்லத்தக்க வஸ்து எதுவும் பூதக்கண்ணாடிக்கும் அகப்படவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பொடியெழுத்தில் உள்ள பட்டியல் இதை மறைக்கவுமில்லை. எடையில் மிகுந்ததை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் குறிக்க வேண்டுமென்பது விதியாதலால், செம்பருத்தி முதலில் நிற்க, படத்தில் பட்டாபிஷேகம் பெற்ற பழம் வாசனைச் சரக்குக்கும் பின்னால் ஒதுங்கி நின்றது.

இச்செம்பருத்தி நம் வீட்டு வேலியில் பூப்பதன்று. புளிச்சக்கீரை இனத்துச் செடியொன்றில், பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும் புல்லிவட்டத்தை உலர்த்தியது. இதையே எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்றும், செனகலில் பிஸாப் என்றும் நெடுங்காலமாகப் பருகி வருகிறார்கள். அந்நாட்டார் இதற்கு ஸ்ட்ராபெரி வேஷம் கட்டியதில்லை. சர்க்கரையைத் தாராளமாகச் சேர்த்து, புளிப்பைப் புளிப்பாகவே கொண்டாடுகிறார்கள். வேஷம் கட்டியது பெட்டி வியாபாரிகளின் கைங்கரியம்.

நீரில் இறங்கும் அந்த அழகிய சிவப்பே பழச்சாற்றுக்குச் சாட்சி என்பாரும் உண்டு. அது செம்பருத்தியிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள். ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவினால் சிவப்பு மாறி நீலம்பாரிக்கும், எலுமிச்சை பிழிந்தால் மீண்டும் சிவக்கும்.

ஆயினும் பருகுவோரின் ஏமாற்றத்துக்கு மூலகாரணம் இவையல்ல. மூக்குக்கு எட்டியதெல்லாம் நாவுக்கும் எட்டும் என்னும் பிரமையே. ஆவி பறக்கும் கோப்பையை முகத்தருகே கொண்டுவரும்போது பழத்தோட்டமே வந்து நிற்பதுபோல் தோன்றுவதும், ஒரு மிடறு விழுங்கியதும் அத்தோட்டம் மறைந்து வெறும் புளித்த வெந்நீர் எஞ்சுவதும் ஏனெனில், நாம் பழத்தின் ருசி என்று வழங்குவதில் பெரும்பகுதி உண்மையில் வாசனையே. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, 1908-இல் ஜப்பானிய ரசாயன அறிஞர் கிகுனே இகேடா எடுத்துக் காட்டிய உமாமி ஆகிய சுவைகளைத் தவிர ஸ்ட்ராபெரியையோ மாம்பழத்தையோ இனங்காணும் ஆற்றல் நாவுக்கு இல்லை. அந்த வாசனைக்குத் துணைநின்று அதைப் பழமென்று நம்மை நம்பச் செய்வது சர்க்கரை. நூறு கிராம் மாம்பழத்தில் ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை உண்டு. பைக்குள் இருக்கும் உலர்சரக்கோ மொத்தமே இரண்டு மூன்று கிராம்தான்.

அதிக நேரம் ஊறவிட்டால் பழச்சுவை கூடும் என்று கால் மணி நேரம் மூடிவைப்பவர்களுக்குக் கிட்டுவது கூடுதல் புளிப்பே. பெயரில் தேநீர் இருப்பதால் பாலும் சேர்க்கலாம் என்று துணிபவர்கள், பால் நொடியில் திரிந்து சிவந்த திப்பிகளாக மிதக்கும் காட்சியைக் காண்பர்; அமிலம் மிகுந்த நீரில் பால் வேறென்ன செய்யும்? தேயிலை கலவாத வகைகளில் பொதுவாகக் காஃபீன் இல்லை என்பது மட்டும் மெய். பழமணம் ஊட்டிய தேயிலை வேறு சரக்கு, அதில் காஃபீன் உண்டு. மூலிகையாதலால் நாள் முழுதும் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்தைப் பல் வைத்தியர்கள் ஏற்கமாட்டார்கள்: இடைவிடாத புளிப்பு பல்லின் எனாமலை அரிக்கும்.

சர்க்கரை இட்டால் இயற்கை மணம் கெடும் என்னும் நம்பிக்கை சற்று விரிவான மறுப்புக்கு உரியது. புதினாச் சூயிங்கம் மெல்லுவோரின் மூச்சை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர், மணம் தீர்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்ன பின்பும் மூக்கில் மணப்பொருள் குறையாதிருக்கக் கண்டனர், தீர்ந்திருந்தது சர்க்கரை. ஆகவே ஆறிய கோப்பையில் அரைத் தேக்கரண்டி சர்க்கரையோ தேனோ சேர்ப்பது மணத்தைக் கெடுப்பதன்று, மறைந்திருந்ததை வெளிப்படுத்துவதாகும். சர்க்கரை ஆகாதென்று விரதம் பூண்டவர்கள் இஞ்சியோ துளசியோ எலுமிச்சம்புல்லோ முதலில் நிற்கும் பெட்டியைத் தேர்வது உத்தமம். அந்த மணங்களோடு இனிப்பை இணைத்தே எதிர்பார்க்கும் வழக்கம் நம் நாவுக்கு அவ்வளவாக இல்லை.